தள்ளுவது யார்? செல்லுக்குள் சுமை இழுக்கும் புரதங்கள்

கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் ஹைட்ரில்லா இலையை நுண்ணோக்கியில் பார்த்திருப்பார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் ஒரு பாசி இலை, மேலே மெல்லிய மூடி. முதலில் செங்கல் அடுக்கியதுபோல் பச்சைக் கட்டங்கள் மட்டும் தெரியும். விளக்கின் சூடு கொஞ்சம் ஏறியதும் கட்டங்களுக்குள் பச்சை மணிகள் நகரத் தொடங்கும். சுவரோரமாக, வரிசையாக, ஒரே திசையில், பிராகாரம் சுற்றுவதுபோல. "இதுதான் சைக்ளோசிஸ். படம் வரைஞ்சுட்டு அடுத்த ஆளுக்கு இடம் விடுப்பா" என்றார் எங்கள் ஆய்வக உதவியாளர். வரைந்தேன், அம்புக்குறியும் போட்டேன், மதிப்பெண்ணும் வந்தது. அந்த மணிகளைத் தள்ளுவது யார் என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

மணிகள் பசுங்கணிகங்கள். மயோசின் என்ற புரதத்தின் ஒரு வகை, செல்லுக்குள் இருக்கும் சிறு உறுப்புகளைப் பற்றிக்கொண்டு ஆக்டின் என்ற மெல்லிய இழைகளின் மேல் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் சுற்றியுள்ள கூழும் இழுபடுகிறது. பசுங்கணிகங்களும் கூடவே சுற்றுகின்றன. இத்தாலியரான பொனவென்ச்சுரா கோர்ட்டி, கேரா என்ற குளத்துப் பாசியில் இந்தச் சுழற்சியை 1774-இலேயே பார்த்து எழுதிவிட்டார். மயோசினால் இப்படி ஓட முடியும் என்று கண்ணெதிரே காட்டுவதற்கு 1983 ஆகிவிட்டது. மைக்கேல் ஷீட்ஸ், ஜேம்ஸ் ஸ்புடிச் இருவரும் கேராவுக்கு உறவான நைட்டெல்லா பாசியின் செல்லை வெட்டித் திறந்து, மயோசின் பூசிய நுண்மணிகளை அதற்குள் விட்டார்கள். மணிகள் இழைகளைப் பிடித்துக்கொண்டு ஓடின.

ஓடுவது சரி. ஆனால் இவ்வளவு சிறிய இடத்தில் ஓடித்தான் ஆக வேண்டுமா, சும்மா விட்டாலே பொருள் போய்ச் சேராதா? தூரம் குறைவாக இருந்தால் சேரும். பாக்டீரியாவுக்குள் பெரும்பாலானவை அப்படித்தான் சேர்கின்றன. திக்குத் தெரியாமல் அலைகிற பொருளுக்கு ஒரு சிக்கல் உண்டு: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. இப்போது உங்கள் கால் பெருவிரலை அசைத்துப் பாருங்கள். அதற்கான உத்தரவு, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு நரம்பு செல்லிலிருந்து வருகிறது. அந்த ஒரே செல்லின் வால், அதாவது ஆக்சான், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குக் காலில் இறங்குகிறது. செல்லின் புரதப் பட்டறை பெரும்பாலும் மேலே, முதுகுத்தண்டில். பொருள் தேவைப்படுவது கீழே, பாதத்தில். 100 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு பையைச் சுத்தமான தண்ணீரில் தன்போக்கில் அலையவிட்டால் ஒரு மீட்டர் தாண்ட சராசரியாக 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சங்கப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது கிளம்பியிருந்தாலும் இன்னும் வழியில்தான் இருக்கும். செல்லின் உள்ளேயோ தண்ணீரைவிட நெரிசல் அதிகம். நிஜத்தில் விரைவுச் சரக்குகள் நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர்வரை போகின்றன. இரண்டரை, மூன்று நாளில் பாதம் வந்துவிடும்.

இந்தச் சுமை வேலையை மூன்று குடும்பங்கள் செய்கின்றன: மயோசின், கைனசின், டைனீன். மயோசின் ஆக்டின் இழைமேல் ஓடுகிறது. இழையின் தடிமன் 7 நானோமீட்டர். மற்ற இரண்டும் நுண்குழல்கள்மேல் ஓடுகின்றன. இவை 25 நானோமீட்டர் அகலமுள்ள உள்ளீடற்ற குழாய்கள். குழாயைக் கட்டியிருக்கும் செங்கல் டியூபுலின் என்ற புரதம், ஒரு கல்லின் நீளம் 8 நானோமீட்டர். எல்லாக் கற்களும் ஒரே திசை பார்த்து அடுக்கப்பட்டிருப்பதால் குழாயின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல் இல்லை. காலில் இறங்கும் ஆக்சானில் ஒரு முனை எப்போதும் பாதத்தைப் பார்த்திருக்கும், மறுமுனை முதுகுத்தண்டைப் பார்த்திருக்கும். கைனசின்களில் பெரும்பாலானவை பாதப் பக்கம் போகும், டைனீன் திரும்பி வரும். மனிதரில் கைனசின் மரபணுக்கள் மட்டும் சுமார் 45.

கைனசின் பிடிபட்ட கதை கணவாய் மீனில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் பழைய கடல் உயிரியல் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. நரம்பு ஆராய்ச்சிக்காரர்கள் கோடைக்காலத்தில் அங்கே கூடக் காரணம், அந்தக் கடலில் கிடைக்கும் கணவாயின் ராட்சத ஆக்சான். வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு தடிமன். பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல் பிதுக்கினால் உள்ளே இருக்கும் கூழ் அப்படியே வெளியே வரும். 1980-களின் தொடக்கத்தில் நுண்ணோக்கியோடு வீடியோ கேமராவை இணைத்துப் பார்த்தபோது, பிதுக்கிய கூழிலும் சிறு பைகள் இரு திசையிலும் ஓடிக்கொண்டிருந்தன. செல்லே இல்லை, போக்குவரத்து மட்டும் நடக்கிறது!

இழுக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தது அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த ரொனால்டு வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர், 1985-இல். அவர்கள் பயன்படுத்திய தந்திரம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. செல்லின் எரிபொருள் ஏடிபி என்ற சிறு மூலக்கூறு. அதில் மூன்று பாஸ்பேட்டுகள் வால்போல் தொங்கும், கடைசியை உடைத்தால் ஆற்றல் கிடைக்கும். ஏடிபியைப் போலவே இருக்கும், ஆனால் அந்த இடத்தில் உடையாத ஒரு போலியைக் கலந்தால் ஓடிக்கொண்டிருந்த பைகளெல்லாம் குழாயோடு ஒட்டி நின்றுவிடும் என்று அதற்குச் சற்று முன்புதான் தெரிய வந்திருந்தது. அப்படியென்றால் இழுக்கும் புரதமும் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். போலியைக் கலந்து, குழாய்களை மட்டும் பிரித்து, மற்றதையெல்லாம் கழுவிவிட்டு, பிறகு நிஜ ஏடிபியைச் சேர்த்தார்கள். பிடியை விட்டுக் கழன்று வந்தவற்றில் ஆள் கிடைத்துவிட்டது. அதே புரதம் மாட்டு மூளையிலும் இருந்தது. அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கைனசின் என்று பெயர் வைத்தார்கள்.

இனி அது நடக்கும் விதம். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் அனிமேஷன் ஒன்றை நீங்களும் பார்த்திருக்கலாம். இரண்டு கால் கொண்ட ஒரு புரதம், தலைக்கு மேல் பெரிய பலூன்போல் ஒரு பை, குழாயின் மேல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நிதானமாக நடக்கும். சும்மாடு வைத்து மூட்டை சுமப்பவரின் நடை அச்சு அசலாக அதில் இருக்கும். படம் அழகுதான், எலும்புக்கூடு சரிதான். விட்டுப்போனது ஒன்று: அங்கே அடிக்கும் புயல்.

நானோமீட்டர் உலகத்தில் தண்ணீர் அமைதியான திரவம் இல்லை. ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் வெப்பத்தால் துடித்து நாலாபக்கமும் முட்டிக்கொண்டிருக்கிறது. 1827-இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து தண்ணீருக்குள் வந்த நுண்துகள்களிடம் பார்த்த ஓயாத நடுக்கத்துக்குக் காரணம் இந்த முட்டல்தான். கைனசினின் கால் 10 நானோமீட்டருக்கும் குறைவு. அதன்மேல் விழும் முட்டல்களோடு ஒப்பிட்டால் ஏடிபியிலிருந்து அது பெறும் திறன் கோடிக்கணக்கான மடங்கு சின்னது. இன்னொன்று, அங்கே உந்தம் என்று எதுவும் இல்லை. சைக்கிளை மிதித்துவிட்டுக் காலைத் தூக்கினால் கொஞ்ச தூரம் தானாக ஓடும் அல்லவா? எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1977-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைந்த தூரத்துக்குள் அசையாமல் நின்றுவிடும். பாக்டீரியாவுக்கே அப்படியென்றால் அதைவிடப் பலநூறு மடங்கு சிறிய புரதத்துக்குச் சொல்லவே வேண்டாம். ஓங்கி ஒரு தள்ளு தள்ளிவிட்டு அந்த வேகத்தில் போவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அப்படியானால் இந்தப் புயலில் ஒரு புரதம் எப்படி நேராக நடக்கிறது? மலைப்பாதையில் பஸ் மக்கர் செய்யும்போது நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். கிளீனர் கையில் ஒரு கட்டையோடு பின்சக்கரத்தருகே குனிந்து நிற்பார். பஸ் ஒரு சாண் முன்னே நகர்ந்தால் உடனே சக்கரத்துக்குப் பின்னால் கட்டை. தள்ளுபவர்கள் முறையாகத் தள்ளவே வேண்டியதில்லை, குடித்துவிட்டு முன்னும் பின்னும் ஆட்டினால்கூடப் போதும். பின்னே வருவதைக் கட்டை தடுத்துவிடும், முன்னே போவது மட்டும் கணக்கில் சேரும். கைனசினின் ஒரு அடியில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. தள்ளுவது புயல். கைனசின் செய்வது கிளீனர் வேலை.

அந்த ஒரு அடியை மெதுவாகப் பார்ப்போம். அதற்கு முன் இரண்டு பெயர்ச் சிக்கல்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் கைனசினின் கால்களைத் 'தலை' என்பார்கள். நடப்பது தலையால் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, கால் என்றே சொல்கிறேன். ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் மிஞ்சுவதற்கு ஆங்கிலத்தில் வேறு எழுத்துச் சுருக்கம் உண்டு. அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மறுபடியும் ஏடிபி என்றே விழும்! ஆகவே அதைச் சக்கை என்று வைத்துக்கொள்வோம்.

தொடக்கத்தில் ஒரு கால் குழாயை இறுகப் பிடித்திருக்கிறது, அதற்குள் எரிபொருள் இல்லை. மற்ற காலில் சக்கை இருக்கிறது. சக்கை இருக்கும் காலுக்குக் குழாயின்மேல் பிடிப்பு பலவீனம், ஆகவே அது பின்னால் தொங்கி ஆடிக்கொண்டிருக்கிறது. பிடித்திருக்கும் காலுக்குள் ஓர் ஏடிபி வந்து அமர்கிறது. உடனே அந்தக் காலையும் உடலையும் இணைக்கும் ஒரு சிறு நாடா, பதினைந்தே அமினோ அமிலங்கள் அளவுள்ளது, காலின் பக்கவாட்டில் முன்னோக்கிப் படிந்து ஒட்டிக்கொள்கிறது. நாடா படிந்ததும் ஆடும் காலின் கட்டுத்தறி முன்னே நகர்ந்துவிடுகிறது. இது ஒரு சின்னத் தள்ளல்தான். மிச்ச வேலை புயலுடையது: கயிற்றில் கட்டிய கன்றுபோல் அந்தக் கால் இங்குமங்கும் அலைக்கழிக்கப்பட்டு, அலைகிற வட்டத்துக்குள் முன்னே இருக்கும் அடுத்த டியூபுலின் கல்லில் எப்போதாவது இடறுகிறது. மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும் சங்கதி. இடறியதும் அதன் சக்கை உதிர்கிறது, பிடி இறுகுகிறது. கட்டை போட்டாயிற்று. இதற்குள் பின்னால் நிற்கும் காலில் ஏடிபி உடைந்து, பாஸ்பேட் வெளியேறி, சக்கை மட்டும் மிஞ்சி, பிடி தளர்ந்து அது தூக்கப்படுகிறது. உடல் முன்னேறியது 8 நானோமீட்டர், தூக்கிய கால் கடப்பது 16.

இதில் நுணுக்கம் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பிடியை விடாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. இரண்டும் குழாயில் இருக்கும்போது நடுவிலுள்ள நாடாக்கள் விறைத்து நிற்கும். அந்த இழுவிசை முன்காலை ஏடிபியைப் பயன்படுத்த விடாது. பின்கால் கழன்ற பிறகுதான் அதன் முறை. இந்த ஒழுங்கினால் கைனசின் சராசரியாக நூறு அடிகளாவது வைத்த பிறகுதான் குழாயிலிருந்து தவறி விழுகிறது. நொடிக்குச் சுமார் 100 அடி, அடிக்கு ஓர் ஏடிபி. அதன் 8 நானோமீட்டர் அடியை நம்முடைய 80 சென்டிமீட்டர் அடியாகப் பெரிதாக்கினால், வேகம் மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டும். முதுகுத்தண்டிலிருந்து பாதம் பூமியை இரண்டரை முறை சுற்றும் தொலைவாகிவிடும்.

புயல்தான் தள்ளுகிறது என்றால் எரிபொருள் எதற்கு? ரிச்சர்டு ஃபைன்மன் 1960-களில் தம் இயற்பியல் வகுப்பில் எடுத்து விளக்கிய பழைய புதிர் இது. ஒரே வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரின் நடுக்கத்திலிருந்து ஓசியில் வேலை வாங்க முடியாது, ஏனென்றால் கட்டையும் அதே நடுக்கத்தில்தான் ஆடுகிறது. முன்னே போன அளவு பின்னேயும் சறுக்கும். கட்டை சரியான நேரத்தில் விழவும் சரியான நேரத்தில் எடுக்கப்படவும் வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதோ ஒன்று திரும்பப் பெற முடியாதபடி செலவாக வேண்டும். ஏடிபி அந்தக் கட்டணம். ஓர் ஏடிபியில் கிடைப்பது வெப்ப நடுக்கத்தின் அளவைப்போல் சுமார் 20 மடங்கு, அதனால் அடி பின்னோக்கி விழும் வாய்ப்பு மிகக் குறைவு. கணக்கும் மோசமில்லை. கைனசின் 6 பிகோநியூட்டன் விசைக்கு எதிராகக்கூட 8 நானோமீட்டர் இழுக்கும். செலவான ஆற்றலில் ஏறக்குறைய பாதி வேலையாகிறது. பெட்ரோல் எஞ்சின் மூன்றில் ஒரு பங்கை எட்டவே திணறும்.

இதையெல்லாம் எப்படிக் கண்டார்கள் என்று ஒரு சந்தேகம் வர வேண்டும். ஆர்தர் ஆஷ்கின் உருவாக்கிய ஒளி இடுக்கிதான் கருவி. லேசர் ஒளியின் குவியத்தில் நுண்மணியைப் பிடித்து நிறுத்தும் உத்தி. இதற்காக 2018-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது வயது 96. கைனசின் ஒட்டிய மணியை ஒளியில் பிடித்து, 1993-இல் கரேல் ஸ்வோபோடா, ஸ்டீவன் பிளாக் முதலானோர் அதன் இடத்தை நொடிக்கு நொடி குறித்தார்கள். வரைபடம் சாய்கோடாக ஏறவில்லை, மாடிப்படியாக ஏறியது: ஒவ்வொரு படியும் 8 நானோமீட்டர், ஒரு டியூபுலின் கல். ஆனால் மணி நகர்வதை வைத்துக் கால்கள் மாறி மாறி வைக்கப்படுகின்றனவா, அல்லது எப்போதும் ஒரே கால் முன்னே போய் மற்றது அதன் பின்னே ஊர்கிறதா என்று சொல்ல முடியாது. 2004-இல் அஹ்மத் யில்டிஸும் கூட்டாளிகளும் ஒரே ஒரு காலில் மட்டும் ஒளிரும் சாயத்தை ஒட்டிப் பார்த்தார்கள். அந்தக் கால் ஒரு முறை 16, 17 நானோமீட்டர் தாவியது, அடுத்த முறை அசையவே இல்லை, மீண்டும் தாவியது. நடைதான். அதற்கு முந்தைய ஆண்டு பிளாக்கின் குழு கைனசின்களில் சில நொண்டுவதையே கண்டுபிடித்திருந்தது, ஒரு காலில் நீண்ட நிறுத்தம், மறுகாலில் குறுகிய நிறுத்தம் என்று. நொண்ட வேண்டுமென்றால் இரண்டு கால்களும் மாறி மாறி வர வேண்டும் அல்லவா? 2005-இல் இன்னொரு குழு, தாங்க முடியாத விசையில் கைனசினைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தது. அது கழன்று விழாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி நடந்தது! வெடித்துத் தள்ளும் எஞ்சின் இப்படிச் செய்யாது. கட்டை போட்டுப் போகும் வண்டி செய்யும்.

மயோசினுக்கு வந்தால் கதை தலைகீழாகத் தெரியும். எங்கள் பக்கம் உயிர் பிரிந்ததும் பெரியவர்கள் கண்ணை மூடிவிட்டு, தாடையைத் துணியால் தூக்கிக் கட்டுவார்கள், கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். "விறைச்சுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்பது அந்த அவசரத்துக்குக் காரணம். இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கிறது. எரிபொருள் தீர்ந்த வண்டி தளர்ந்து நிற்க வேண்டும், தசையோ இரும்பாகிறது. ஏனென்றால் மயோசினுக்கு ஏடிபி தேவைப்படுவது பிடிப்பதற்கு அல்ல, விடுவதற்கு. ஏடிபி இல்லாதபோது மயோசினின் தலை (இதைத் தலை என்றே விட்டுவிடலாம்) ஆக்டினை இறுகப் பிடித்திருக்கும். ஏடிபி வந்து அமர்ந்தால் பிடி விடும். உள்ளே ஏடிபி உடையும்போது அதன் நீண்ட கை பின்னோக்கி மடங்கி, நாண் ஏற்றிய வில்போல் நிற்கும். மறுபடி ஆக்டினைத் தொட்டு, பாஸ்பேட் வெளியேறும்போது கை வீசப்பட்டு இழை சில நானோமீட்டர் இழுபடும். பிறகு சக்கையும் போய்விடும், புதிய ஏடிபி வரும்வரை பிடி விடாது. பிணத்தில் புதிய ஏடிபி வருவதில்லை. கோடானுகோடி மயோசின்கள் கடைசிப் பிடியிலேயே உறைந்து நிற்கின்றன. ஒன்றிரண்டு நாளில் புரதங்கள் சிதையத் தொடங்கிய பிறகுதான் உடல் மறுபடி தளர்கிறது.

உயிரோடு இருக்கும் தசையில் மயோசின் சட்டென்று விட்டுவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. தடித்த இழை ஒன்றில் ஏறக்குறைய 300 மயோசின்கள் இருக்கின்றன. தேர் வடம் இழுக்கும் கூட்டத்தில் ஒருவர் இழுத்து முடித்தபின்னும் கையை எடுக்காமல் நின்றால் மற்றவர்களுக்கு அவரே பாரம். ஆகவே ஒவ்வொரு தலையும் கொஞ்ச நேரம் மட்டும் பிடித்து, இழுத்து, விலகிவிடும். தனியாள் சுமை தூக்கும் கைனசினுக்கோ விட்டால் போச்சு. வேலைக்கேற்ற பிடி. இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று சறுக்குகின்றன என்று 1954-இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டன. இரண்டிலும் ஹக்ஸ்லி என்ற பெயர், ஒருவர் ஹியூ, இன்னொருவர் ஆண்ட்ரூ, உறவினர்கள் இல்லை. 1996-இல் கைனசின் காலின் அணு வடிவம் வெளியானபோது இன்னொரு ஆச்சரியம் காத்திருந்தது. அதன் நடுப்பகுதி மயோசினின் நடுப்பகுதியை உரித்து வைத்திருந்தது. ஒரே மூதாதையின் பிள்ளைகள், ஒன்று பிடிக்கக் கற்றது, ஒன்று விடக் கற்றது.

டைனீன் இந்தக் குடும்பத்தில் சேராது. அளவிலும் பூதம், நடையிலும் ஒழுங்கில்லை. ஐயன் கிப்பன்ஸ் அதை முதலில் கண்டது நீரில் வாழும் ஒரு செல் உயிரியின் ரோமங்களில். 1965-இல் பெயர் வைத்தார். செல்லுக்குள் சுமை இழுக்கும் டைனீன் 1987-இல்தான் தெரிய வந்தது. எரிபொருள் எரிவது ஆறு கண்ணி கொண்ட ஒரு வளையத்தில், குழாயைத் தொடும் நுனியோ அங்கிருந்து நீளும் ஒரு குச்சியின் கடைசியில். அடி சில நேரம் 8 நானோமீட்டர், சில நேரம் அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, பக்கத்துக் கல்வரிசைக்குத் தாவுவதும் உண்டு, பின்னே வைப்பதும் உண்டு. குடிகாரர் வீடு திரும்புவதுபோல. ஆனால் வீடு திரும்பிவிடும். பாலூட்டிகளின் டைனீன் தனியாக விட்டால் நெடுந்தூரம் போகாது. டைனாக்டின் என்ற துணைப் புரதமும் சுமையைக் கொக்கி மாட்டும் இன்னொரு புரதமும் சேர்ந்த பிறகுதான் ஓடும்.

தனி டைனீன் கைனசினைவிட வலுவில் குறைந்தது. கூட்டாகச் சேரும்போது விஷயமே வேறு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மாலிக்கின் குழு, செல்கள் விழுங்கிய நுண்மணிகளை ஒளி இடுக்கியால் செல்லுக்கு உள்ளேயே பிடித்து அளந்தது. டைனீன்கள் குழுவாக நன்றாக ஒத்துழைக்கின்றன. எதிர்த்து இழுக்கும்போது பின்னே இருப்பவை எட்டிச் சேர்ந்துகொள்ள, முன்னே இருப்பவை அடியைச் சுருக்கிக்கொள்கின்றன. வலிமையான கைனசின்களுக்கு அந்தக் கூட்டு வேலை அவ்வளவாக வரவில்லை. 2018-ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு மாலிக்குக்குக் கிடைத்தது இந்த வகை ஆராய்ச்சிக்காக.

டைனீன் ஓடும் திசை தெரிந்தவர்களில் ஒருவர் வெறிநாய்க்கடி வைரஸ். கடித்த இடத்தில் நரம்பு முனைக்குள் நுழைந்து, முதுகுத்தண்டுக்குத் திரும்பும் டைனீன் வண்டியில் ஏறிக்கொள்கிறது. முகத்தில் கடித்தால் நோய் சீக்கிரம் வருவதும் காலில் கடித்தால் பொதுவாகத் தாமதமாவதும் இதனால்தான், வைரஸ் முதலில் தசையில் தங்குவதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றாலும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும், ஒரு வாரத்திலும் வரலாம். தடுப்பூசி கடிபட்ட பிறகும் பலன் தருவது இந்தப் பயண நேரத்தால். அதற்காகக் காலில்தானே கடித்தது என்று தள்ளிப்போடக் கூடாது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். டெட்டனஸ் நஞ்சும் இதே வண்டியில் போவதுதான்.

வண்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பாதை உடைந்தால்? தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் தோட்டத்தில் கம்பி கட்டிப் படரவிட்டு வளர்ப்பது அதன் விதைக்காகத்தான். மூட்டு வீக்கத்துக்கான மருந்துக்குப் போகிறது. கோல்ச்சிசின் டியூபுலின் கல்லோடு ஒட்டிக்கொண்டு குழாய் கட்டுவதைக் கெடுத்துவிடும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பதும் இந்தக் குழாய்கள்தான் என்பதால், அளவு மீறினால் செல் பிரிவே நின்றுவிடும். கிழங்கைத் தின்றுவிட்டுப் பிழைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வது அதனால். டியூபுலின் என்ற கல்லை அடையாளம் கண்டதே இந்த நஞ்சின் உதவியால்: 1967-இல் சிகாகோவில் கேரி போரிசி, எட்வின் டெய்லர் இருவரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசினைத் தூண்டில்போல் விட்டு, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் இதே குழாய்களைக் குலைக்கிறது. பாக்லிடாக்சல் அதற்கு எதிர்: குழாயைக் கலையவிடாமல் இறுக்கிவிடும். இரண்டும் புற்றுநோய்க்கு மருந்து, இரண்டுக்கும் ஒரே பக்கவிளைவு. என் அத்தைக்கு நான்காவது ஊசிக்குப் பிறகு பாதம் மரத்துப்போனது. கோயிலுக்குப் போய்த் திரும்பியவர் வாசலில் வந்து குனிந்து பார்த்துத்தான் ஒரு காலில் செருப்பு இல்லை என்பதையே கண்டார். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. மருத்துவர் "வரும், போகும், பயப்படாதீங்க" என்றார், அதற்கு மேல் விளக்கவில்லை. மரத்துப்போவது விரல் நுனிகளில் தொடங்கி மேலே ஏறுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, மிக நீளமான ஆக்சான்களுக்குச் சரக்கு போய்ச் சேராதது. பாதை கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது கடைசி ஊர்.

வண்டியே கெட்டாலும் அதே ஊர்தான். கைனசின் சுமை இல்லாதபோது தன் வாலை மடக்கிக் கால்களின்மேல் வைத்துக்கொண்டு எரிபொருள் செலவழிக்காமல் கிடக்கும், ஸ்டாண்டில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் ஆட்டோபோல. நரம்புகளில் ஓடும் கைனசின்களில் ஒன்றின் மரபணுவில், வாலைக் கெடுக்கும் மாற்றங்கள் ஏஎல்எஸ் என்ற இயக்க நரம்புச் சிதைவு நோயோடு தொடர்புள்ளவை என்று 2018-இல் தெரிய வந்தது. அந்த மாற்றம் உள்ள கைனசினால் மடங்கி ஓய்வெடுக்க முடிவதில்லை. சுமை இல்லாமலே ஓடி ஆக்சானின் கோடியில் போய்க் குவிகிறது. அதே மரபணுவில் கோளாறு வாலில் இல்லாமல் காலில் இருந்தால் நோய் வேறு, பரம்பரையாக வரும் கால் விறைப்பு. அதில் கைகள் பெரும்பாலும் தப்பிவிடும். முதலில் கவனத்துக்கு வருவது, சமதரையில் நடக்கும்போதே கால் விரல் அடிக்கடி தட்டுவது.